'சாம்சன் அண்ட் டிலைலா' பார்த்தவர்கள் ஏன் இப்படிப் பிரிந்து போகிறார்கள்?

கேள்வி: வாரிக் தோர்ன்டன் இயக்கிய 'சாம்சன் அண்ட் டிலைலா' படத்தை நண்பர்கள் சேர்ந்து பார்த்தோம். இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டார். இன்னொருவர், "ஒரு சமூகத்தின் அவலத்தைக் காட்டி வெளிநாட்டில் விருது வாங்குகிற படம்" என்று கோபப்பட்டார். எனக்கோ கடைசிப் பகுதி ஒட்டவில்லை. ஆஸ்திரேலியாவில் இதை எப்படிப் பார்த்தார்கள்? பூர்வகுடி மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் காட்டலாமா?

பதில்:

நீங்கள் சொன்ன நான்கு விதமான ஆட்களையும் நான் சந்தித்திருக்கிறேன். மத்திய ஆஸ்திரேலியப் பாலைவன ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கேயும், பிறகு தெற்கே நகரங்களிலும், இந்தப் படத்தைப் பலதரப்பட்டவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அழுதவர்களும் கோபப்பட்டவர்களும் எதிரெதிர் அணிபோலத் தெரிந்தாலும் இரண்டு பேருமே படத்தை "அவலம்" என்ற ஒரே பெட்டிக்குள் வைத்துத்தான் பேசுகிறார்கள். படத்தின் பாதி எடையைத் தோளில் சுமக்கிற டிலைலா என்ன செய்கிறாள் என்பது இரண்டு தரப்பின் பேச்சிலும் காணாமல் போய்விடுகிறது. என் வருத்தம் அதில்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒரு சின்னப் பூர்வகுடிக் குடியிருப்பு. சாம்சன் காலையில் கண் விழித்ததும் போதைக்காகப் பெட்ரோல் டப்பாவை முகர்கிற பையன். டிலைலா தன் பாட்டியைப் பார்த்துக்கொள்கிற பெண். பாட்டி ஓவியர். ஒருநாள் பாட்டி இறந்துபோகிறாள். சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று உறவுப் பெண்கள் டிலைலாவைக் கம்பால் அடிக்கிறார்கள். சாம்சனும் தன் அண்ணனிடம் அடிபடுகிறான். இருவரும் ஊர் வண்டியை எடுத்துக்கொண்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய், பாலத்துக்கு அடியில் கான்சோ என்ற வீடற்ற மனிதரின் துணையில் தங்குகிறார்கள். அங்கே டிலைலாவுக்கு நடப்பவை மிகக் கொடுமையானவை. கடைசியில் அவள் சாம்சனைத் தன் பாட்டியின் நிலத்துக்குக் கூட்டிப் போகிறாள்.

எழுதியது, இயக்கியது, ஒளிப்பதிவு செய்தது எல்லாம் தோர்ன்டன்தான். கைடெட்ஜே இனத்தவர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா ஃப்ரீடா கிளின், 1980இல் அந்த ஊரில் பூர்வகுடி மக்களே நடத்தும் ஊடக அமைப்பான 'காமா'வைத் தொடங்கியவர்களில் ஒருவர். தோர்ன்டன் அங்கேதான் வானொலியிலும் கேமராவிலும் தொழில் கற்றார். கான்சோவாக நடித்த ஸ்காட் அவருடைய சொந்தச் சகோதரர், நிஜ வாழ்க்கையிலும் குடியோடு போராடியவர். நாயகன் நாயகியாக நடித்த ரோவன் மெக்நமாராவும் மரிசா கிப்ஸனும் அதுவரை கேமரா முன் நின்றதில்லை. பாட்டியாக வரும் மித்ஜிலி நப்பனங்கா கிப்ஸன் நிஜத்திலும் பெயர் பெற்ற ஓவியர். "வெளியிலிருந்து வந்து அவலத்தைப் படம் பிடித்துப் போனான்" என்ற குற்றச்சாட்டு இந்தப் படத்தின் மீது ஒட்டாததற்கு இதுவே போதும்.

வரவேற்பைப் பார்த்தால், 2009 மே மாதம் ஆஸ்திரேலியாவில் திரைக்கு வந்தது. அதே மாதம் கான் விழாவில் முதல் பட இயக்குநருக்கான கேமரா தோர் விருது கிடைத்தது. அரங்கம் எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டியது. அந்நாட்டு ஏபிசி தொலைக்காட்சியில் வாராவாரம் படங்களை விமர்சித்துவந்த மார்கரெட் பொமரான்ஸ், டேவிட் ஸ்ட்ராட்டன் இருவருமே ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். இவர்கள் இருவரும் ஒருசேர ஐந்து நட்சத்திரம் தருவது அபூர்வம், பல வாரம் சண்டையில்தான் முடியும். அந்த ஆண்டு ஆஸ்திரேலியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், இயக்கம் உட்படப் பலவற்றை இது அள்ளிக்கொண்டது. வசூல் முப்பது லட்சம் டாலரைத் தாண்டியது. பேச்சே அதிகமில்லாத, அந்தப் பாலைவனப் பூர்வகுடிகளில் ஓர் இனத்தாரின் வார்ல்பிரி மொழியில் அங்கங்கே நாலு வரி வருகிற ஒரு படத்துக்கு அது பெரிய தொகை. அதற்குச் சில மாதம் முன்பு வந்த, பெரிய நட்சத்திரங்கள் நடித்த 'ஆஸ்திரேலியா' என்ற பிரம்மாண்டப் படம் உள்நாட்டில் மட்டும் சுமார் மூன்றே முக்கால் கோடி டாலர் வசூலித்தது. அதிலும் ஒரு பூர்வகுடிச் சிறுவன் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சிரித்த முகமாக வந்தார்கள்.

இதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பேசாமல் வந்தார்கள். விளக்கு எரிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழாதவர்களை நான் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பகுதி அதிர்ச்சி. இன்னொரு பகுதி, படம் நம்மைப் பழக்கிவிடுகிற மௌனம். சாம்சன் படம் முழுக்க ஒரே ஒரு வார்த்தைதான் பேசுகிறான், தன் பெயர், அதுவும் திக்கித் திக்கி. அவனும் டிலைலாவும் தங்களுக்குள் பேசிக்கொள்வதே இல்லை. "இப்படிக்கூடக் காதல் இருக்குமா, ஒரு வார்த்தை பேச மாட்டார்களா" என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. உங்கள் நண்பர் பாதியில் எழுந்து போனது கொடுமை தாங்காமலா, இந்த மௌனம் தாங்காமலா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதாக இருக்கும்.

எனக்கு மறக்க முடியாதது, முதல் பாதியில் யார் சிரித்தார்கள் என்பதுதான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பார்த்தபோது பூர்வகுடிக் குடும்பங்கள் வயிறு குலுங்கச் சிரித்தன. காரணம் இருக்கிறது. சாம்சன் தன் மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து டிலைலா வீட்டு வேலிக்குள் போடுகிறான், அவள் அதைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிகிறாள், அவன் மறுபடி கொண்டுவந்து போடுகிறான். பாட்டி அவனைக் காட்டி "உன் புருஷன் வந்திருக்கிறான் பார்" என்று பேத்தியைச் சீண்டிவிட்டு ஓவியத்தின் மேல் குனிந்து குலுங்குகிறாள். நம் ஊரில் முறைப்பையனைக் காட்டிப் பாட்டிமார் பெண்பிள்ளைகளைச் சீண்டுவது நினைவுக்கு வருகிறதா? வார்ல்பிரி மக்களிடம் யார் யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்பதற்கு எட்டுப் பிரிவு கொண்ட உறவுமுறை இருக்கிறது. பாட்டியின் கிண்டல் வெறும் கிண்டல் மட்டுமாக இருக்காது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். திராவிட உறவுமுறையையும் ஆஸ்திரேலிய உறவுமுறைகளையும் மானிடவியலாளர்கள் வெகுகாலமாக ஒப்பிட்டுப் பேசிவந்திருக்கிறார்கள். தமிழ்ப் பார்வையாளருக்கு இந்த இடம் எளிதில் பிடிபடும். தெற்கே நகரத்து அரங்குகளில் இதே காட்சிகளின்போது ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. சிரிக்கலாமா என்ற தயக்கம். "சோகப்படம்" என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்கள்.

அந்தக் குடியிருப்பில் ஒரு பொதுத் தொலைபேசி இருக்கிறது. அடிக்கடி மணி அடிக்கும். யாரும் எடுக்க மாட்டார்கள். அண்ணனின் இசைக்குழு தினமும் திண்ணையில் உட்கார்ந்து ஒரே மெட்டை வாசித்துக்கொண்டே இருக்கும். முதல் தடவை சிரிப்பு வரும், மூன்றாம் தடவை எரிச்சல், அப்புறம் அந்த ஊரின் நாள்கள் எப்படி நகர்கின்றன என்பது நம் உடம்பில் ஏறிவிடும். இதை "மெதுவான படம்" என்று குறை சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. மெதுவாகத்தான் இருக்கிறது. பதினான்கு பதினைந்து வயதில் பள்ளியும் வேலையும் போக வேறிடமும் இல்லாத ஒருவனுக்கு நாள் எவ்வளவு நீளம் என்பதை வேகமாக எப்படிக் காட்ட முடியும்?

அடுத்தது, வெள்ளைக்காரப் பார்வையாளர்களிடம் நான் அதிகம் கேட்ட புகார்: "எங்களில் ஒரு நல்லவர்கூட இல்லையா?" நகரத்தில் டிலைலா ஓர் ஓவியத்தை வரைந்துகொண்டு போய் விற்கப் பார்க்கிறாள். ஓவியக்கூடக்காரருக்கு அக்கறையில்லை. காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும் சுற்றுலாப் பயணிகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையசைத்து அனுப்புகிறார்கள். தேவாலயத்துக்குள் போகிறாள், பாதிரியார் பார்க்கிறார், ஒன்றும் சொல்லவில்லை, அவள் வெளியே வந்துவிடுகிறாள். இவர்களில் யாரும் கெட்டவர்களாகக் காட்டப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். யாரும் திட்டவில்லை, துரத்தவில்லை. அந்த ஊரில் வேலை பார்த்த காலத்தில் டாட் மால் கடைத்தெருவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஓவியத்தை நீட்டியபடி வருகிற பெண்களை நானும் பார்த்திருக்கிறேன். மேசைகள் அப்படியேதான் நடந்துகொண்டன. அதனால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்வாசிகளுக்கு இந்தக் காட்சி தைத்த அளவுக்கு மற்றக் காட்சிகள் தைக்கவில்லை. பெரும் கொடுமையைப் பார்த்து "ஐயோ" என்று சொல்லிவிடலாம். காபிக் கடைக் காட்சியில் நாமே உட்கார்ந்திருக்கிறோம். புலம்பெயர்ந்து அங்கே வாழும் தமிழர்களும் இதில் சேர்த்திதான். பூர்வகுடிகளைப் பற்றி அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு பத்து வருடம் ஓட்டிவிடுகிற வீடுகள் எனக்குத் தெரியும்.

பாட்டியின் ஓவியம் நகரக் கடையில் பெரிய விலைக்குத் தொங்குவதும், ஊரில் அதற்குக் கிடைத்தது அற்பத் தொகை என்பதும் மிகைப்படுத்தல் என்று சிலர் சொன்னார்கள். மிகையில்லை. பூர்வகுடி ஓவியச் சந்தையில் நடந்த சுரண்டல்களை ஆஸ்திரேலிய செனட்டே விசாரித்து 2007இல் அறிக்கை வெளியிட்டது. படம் வந்த அடுத்த ஆண்டு, 2010 ஜூனில், ஓவியம் ஆயிரம் டாலருக்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்கு 5 சதவீதம் போக வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சரி, பூர்வகுடி மக்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டீர்கள். ஒரே குரல் கிடையாது. ஐரோப்பியர் வருவதற்கு முன் 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்த கண்டம் அது. சிட்னியில் வழக்கறிஞராக இருப்பவருக்கும் யுவெண்டுமு என்ற பாலைவனக் குடியிருப்பில் இருக்கும் பாட்டிக்கும் ஒரே கருத்து இருக்கும் என்று எதிர்பார்ப்பதே சரியில்லை. பாலைவனத்துக்காரர்களில் பலர் "எங்கள் பிள்ளைகளைத் திரையில் பார்த்தோம்" என்று பெருமையோடு சொன்னார்கள். நகரத்தில் படித்து வேலை பார்க்கிறவர்களில் சிலருக்குப் பயம் இருந்தது. உங்கள் நண்பரின் கோபத்துக்குப் பக்கத்தில் வருவது அந்தப் பயம்தான். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பயத்துக்குக் காலப் பின்னணி இருக்கிறது. 2007 ஜூனில் ஜான் ஹோவர்ட் அரசாங்கம், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கிற நார்தர்ன் டெரிட்டரி மண்டலத்தில் "அவசரகால நடவடிக்கை" என்று ஒன்றை அறிவித்தது. குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவது பற்றி வந்த ஓர் அறிக்கையைக் காரணம் காட்டி, ராணுவத்தின் துணையோடு குடியிருப்புகளுக்குள் நுழைந்தார்கள். இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டமே அங்கே நிறுத்திவைக்கப்பட்டது. உதவித்தொகையில் பாதியை எதற்குச் செலவழிக்கலாம் என்று அரசாங்கம் தீர்மானித்தது. ஒவ்வொரு குடியிருப்பின் வாசலிலும் மதுவும் ஆபாசப் படங்களும் தடை என்று பெரிய பலகை நட்டார்கள். அங்கே குடியிருக்கிற எல்லா ஆண்களையும் குற்றவாளிகளாகப் பார்க்க வைக்கிற பலகை அது. 2008 பிப்ரவரி 13 அன்று அடுத்த பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், தாய்மாரிடமிருந்து பறிக்கப்பட்ட தலைமுறைகளுக்காக. ஆனால் பலகைகள் அப்படியே நின்றன. இந்தச் சூழலில் பெட்ரோல் முகரும் பையன், அடிக்கும் அத்தைமார், குப்பை பறக்கும் முற்றம் என்று ஒரு படம் வந்தால், "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே" என்று அரசாங்கத் தரப்பு சொல்லிவிடாதா? நியாயமான கேள்வி.

என் பதில், படம் அந்தப் பக்கம் சாயவே இல்லை என்பது. அதிகாரிகளால், போலீஸால், நலத்துறையால் இந்த இருவருக்கும் ஒரு துளி நல்லதும் நடப்பதில்லை. அவர்களைக் காப்பாற்றுவதற்காக அரசாங்க வண்டி எதுவும் வரவில்லை. இளைஞர்களை "பிரச்சினை" என்று பேசுகிறவர்கள் இந்தப் படத்தைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்காட்டுவது கஷ்டம். அத்தைமார் அடிக்கும் காட்சியை மட்டும் தனியே வெட்டி எடுத்தால் முடியும். அந்தக் காட்சியைத்தான் வெளியார் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை. பாலைவனச் சமூகங்களில் ஒரு சாவு நடந்தால் அதற்குப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி சடங்கின் ஒரு பகுதி. பராமரிப்பில் இருந்தவர் தண்டனையை ஏற்றாக வேண்டும். பெண்கள் தலைமுடியை வெட்டிக்கொள்வார்கள், இறந்தவரின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். டிலைலாவும் முடியை வெட்டிக்கொள்கிறாள். பின்னால், அவள் செத்துவிட்டாள் என்று நினைத்து சாம்சனும் வெட்டிக்கொள்கிறான். பைபிள் படித்தவர்களுக்கு சிம்சோன் தெலீலாள் கதை தெரியும். அங்கே அவனுடைய முடி போவது துரோகத்தால். இங்கே அவன் தன் கையாலேயே துக்கத்துக்காக வெட்டிக்கொள்கிறான். தலைப்பைப் பார்த்துத் துரோகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு அது வரவே இல்லை.

இந்தப் படத்தின் மேல் வைக்கப்பட்ட குறைகளில் வலுவானது பெண்கள் சொன்னது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அடி, கடத்தல், வன்புணர்வு, விபத்து எல்லாம் டிலைலாவுக்கு. சாம்சன் முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் முடமான காலோடு திரும்பி வந்து அவனையும் அவளே தூக்கிச் சுமக்கிறாள். "இதற்குப் பெயர் காதலா? ஒரு பெண் ஆயுள் முழுக்க நர்ஸ் வேலை பார்ப்பதைக் காதல் என்று விற்கிறார்கள்" என்று ஒரு தோழி என்னிடம் வெடித்தாள். அதற்கு இன்றுவரை முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். அவளைக் கடத்திப் போகும் காட்சியைத் தோர்ன்டன் எப்படி எடுத்திருக்கிறார் என்று திரும்பப் பாருங்கள். கேமரா சாம்சனின் முகத்தோடு நடந்து வருகிறது. அவன் பெட்ரோல் மயக்கத்தில் இருப்பதால் சத்தம் எல்லாம் அமுங்கிக் கிடக்கிறது. அவனுக்குப் பின்னால், தெளிவில்லாத தூரத்தில், ஒரு கார் வந்து நின்று அவளை இழுத்துப் போட்டுக்கொண்டு போகிறது. அவன் நடந்துகொண்டே இருக்கிறான். நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அரங்கில் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் யாராவது வாய்விட்டு "திரும்பிப் பார்" என்று சொல்லிவிடுவார்கள். கொடுமையைப் படம் காட்சிப்பொருளாக்கவில்லை. அதே சமயம் அவனுக்கு மன்னிப்பும் கொடுக்கவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்ற உண்மை கடைசிவரை கூடவே வருகிறது. அவளும் நகரத்தில் ஒரு கட்டத்தில் அந்த டப்பாவை எடுத்து முகர்கிறாள். அதிலிருந்து வெளியே வருகிறாள். அவளைத் தியாகியாக வரைந்திருந்தால் அந்தக் காட்சி இருந்திருக்காது.

இப்போது உங்களுடைய சந்தேகத்துக்கு வருகிறேன், கடைசிப் பகுதி ஒட்டவில்லை என்றது. இது பரவலான கருத்து. இவ்வளவு இருட்டாக வந்த படத்தை மனதைத் தேற்றுவதற்காக வெளிச்சத்தில் முடித்துவிட்டார் என்று விமர்சகர்களும் எழுதினார்கள். அவள் அவனைத் தன் நிலத்துக்குக் கூட்டிப் போகிறாள், மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுகிறாள், கங்காரு சுட்டுச் சமைக்கிறாள். கனவு மாதிரி இருக்கிறது, உண்மைதான்.

ஆனால் வார்ல்பிரி மக்களுக்கு அது கனவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே 290 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற யுவெண்டுமுவில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெட்ரோல் முகர்தல் தலைவிரித்தாடியது. அரசாங்கத் திட்டங்கள் வந்து போயின. 1994இல் ஊர்ப் பெரியவர்கள், அதிலும் குறிப்பாகப் பாட்டிமார், தாங்களே ஒரு வழி கண்டார்கள். முகர்கிற பிள்ளைகளை ஊரிலிருந்து வெகுதூரத்தில், பெட்ரோல் கிடைக்காத, மவுன்ட் தியோ என்ற தங்கள் சொந்த நிலத்துக்குக் கூட்டிப் போய்க் கூடவே தங்கினார்கள். வேட்டைக்குக் கூட்டிப் போனார்கள், நிலத்தின் கதைகளைச் சொன்னார்கள், சோறு போட்டார்கள். ஊரில் மற்றப் பிள்ளைகளுக்கு இரவு விளையாட்டு, டிஸ்கோ என்று பொழுதுபோக்குக்கு வழி செய்தார்கள். சில ஆண்டுகளில் யுவெண்டுமுவில் முகர்தல் கிட்டத்தட்ட நின்றே போனது. மத்திய ஆஸ்திரேலியா முழுக்கப் பேசப்பட்ட வெற்றி அது. டிலைலா செய்வது அதேதான், ஊரே சேர்ந்து செய்ததை ஒற்றை ஆளாகச் செய்கிறாள். பாலைவனத்துப் பார்வையாளர்களுக்குக் கடைசிப் பகுதி படத்திலேயே அதிக யதார்த்தமான பகுதியாகத் தெரிந்ததற்குக் காரணம் இது. என்னோடு பார்த்த ஒரு வார்ல்பிரி அம்மாவுக்குக் கடைசியில் ஒரே ஒரு கவலைதான் இருந்தது: அந்தப் பெண் துப்பாக்கியை நன்றாகப் பிடித்திருக்கிறாளா என்று.

பெட்ரோல் விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2005இல் ஓபல் என்ற பெட்ரோல் அறிமுகமானது. போதை தருகிற வேதிப்பொருள்களைக் குறைத்துத் தயாரித்தது. அரசாங்க மானியத்தோடு அது பரவப் பரவ, பாலைவனத்தில் முகர்தல் மளமளவென்று குறைந்தது. படம் வந்தபோதே "இது பழைய கதை" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பெட்ரோலைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. மற்றதெல்லாம் பழைய கதையாகவில்லை. 2016 ஜூலையில் டார்வினின் டான் டேல் சிறுவர் தடுப்பு மையத்துக்குள் நடந்தவற்றைத் தொலைக்காட்சி ஒளிபரப்பியதும் நாடே அதிர்ந்து, மறுநாளே விசாரணை ஆணையம் அறிவிக்கப்பட்டது. அந்த மண்டலத்தில் அடைக்கப்படும் சிறுவர்களில் மிகப் பெரும்பாலோர் பூர்வகுடிப் பிள்ளைகள். 2019 நவம்பரில் யுவெண்டுமுவிலேயே 19 வயது வார்ல்பிரி இளைஞர் ஒருவர் போலீஸ் சுட்டு இறந்தார். 2024 மார்ச்சில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகர மையத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழானவர்கள் இரவில் நடமாட ஊரடங்கு போட்டார்கள். குற்றப் பொறுப்பு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய நார்தர்ன் டெரிட்டரி, அதே ஆண்டு புது அரசாங்கம் வந்ததும் மறுபடி பத்துக்கே இறக்கியது. அதனால் இன்று இந்தப் படத்தைப் போட்டால் பழைய படம் பார்க்கிற உணர்வு வருவதில்லை. சமீபத்தில் பார்த்த இளைஞர்கள் கேட்ட கேள்விகள் 2009இல் கேட்டவற்றைவிடக் கூர்மையாக இருந்தன. "பாவம்" என்ற சொல் அவர்கள் வாயில் குறைவாக வந்தது.

விருது வாங்குகிற படம் என்று கோபப்பட்ட உங்கள் நண்பரிடம் ஒன்று கேளுங்கள். இந்தப் படத்தில் உங்களுக்கு நினைவிருக்கிற சந்தோஷமான காட்சி எது? இரவில் சாம்சன் தன்பாட்டுக்கு வெறித்தனமாக ஆடுகிறான். டிலைலா காருக்குள் உட்கார்ந்து டேப்பில் ஸ்பானிஷ் பாட்டு ஒன்றைக் கேட்டபடி அவனைப் பார்க்கிறாள். அவனுடைய பாட்டு வேறு, அவளுடைய பாட்டு வேறு. அவள் காதில் விழும் பாட்டுக்கு அவனுடைய ஆட்டம் பொருந்திக்கொள்கிறது. அவள் முகத்தில் முதல் முறையாக ஒரு மாற்றம் தெரிகிறது. அவலத்தை விற்க வந்தவருக்கு இந்தக் காட்சியில் ஒரு வேலையும் இல்லை. அது நண்பருக்கு நினைவில் இல்லையென்றால் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

மகளைப் பற்றி. பத்தாம் வகுப்பு என்றால் காட்டலாம், நீங்கள் கூட உட்கார்ந்தால். தனியாக மடிக்கணினியில் பார்க்க விடாதீர்கள். நான் மேலே சொன்ன கடத்தல் காட்சியும், அதற்குப் பிறகு டிலைலா காயங்களோடு திரும்பி வருவதும் பெண்பிள்ளைகளை மிகவும் தாக்கும். முன்கூட்டியே சொல்லிவைப்பதில் தவறில்லை. பெட்ரோல் முகர்வது உடம்பை என்ன செய்யும் என்பதைப் படம் எந்தக் கவர்ச்சியும் இல்லாமல் காட்டுவதால் அந்தக் கவலை வேண்டாம். படம் முடிந்ததும் உடனே எதையும் விளக்காதீர்கள். அவள் என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். என் அனுபவத்தில் அந்த வயதுக்காரர்கள் முதலில் கேட்பது "அவள் ஏன் அவனை விட்டுவிட்டுப் போகவில்லை?" என்பதுதான். நல்ல கேள்வி, அதற்கு உங்களிடம் தயார்ப் பதில் இருக்க வேண்டியதில்லை.

அப்புறம், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வளரும் ஒரு பத்து வயதுப் பையனைப் பற்றி 2019இல் வந்த 'இன் மை பிளட் இட் ரன்ஸ்' என்ற ஆவணப்படத்தையும் தேடிப் பிடியுங்கள். அவனுடைய குடும்பத்தோடு சேர்ந்து எடுத்தது. பள்ளிக்கூடம் அவனைத் தோற்றவன் என்கிறது, வீட்டில் அவன் வைத்தியம் பார்க்கத் தெரிந்தவன், பல மொழி கேட்டு வளர்கிறவன். சாம்சன் பேசாத அத்தனையையும் இந்தப் பையன் பேசுகிறான், சிரிப்பும் கோபமுமாக. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். தோர்ன்டன் படத்தை முதலில் பாருங்கள், ஆவணப்படத்தை ஒரு வாரம் கழித்து.